நைனா தைத்த ஓட்டை

என் நைனாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான். கோணிப்பையில் ஓட்டை. மற்றவர்களுக்குப் பங்காளி, எதிர்க்கடைக்காரன் என்று யாராவது இருப்பார்கள். அவருக்கு மனிதர்கள்மேல் கோபமே வராது. யாருடைய மூட்டையிலாவது ஓட்டையைப் பார்த்துவிட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

செஞ்சி காந்தி பஜாரில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். வல்லம், அனந்தபுரம் பக்கமிருந்து மாட்டு வண்டிகளில் மூட்டை வரும். நைனாவின் வேட்டி மடிப்பில் கோணி ஊசி எப்போதும் இருக்கும், குத்தாமல் இருக்க முனையில் ஒரு கார்க் செருகியிருப்பார். பஜாரில் யாரோ போகிற வண்டியில் மூட்டை சொட்டினாலும் வண்டியை நிறுத்தித் தைத்துவிட்டுத்தான் விடுவார். மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப் போனால் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து அரிசி மூட்டையின் அடியைத் தைத்துக்கொண்டிருக்கிறார். ஜினசேனன் என்று நல்ல பெயர் வைத்திருந்தார்கள். ஊர் அவரைக் கோணி நைனார் என்றுதான் கூப்பிட்டது.

அம்மா அனந்தமதி அவரைவிட ஒரு சாண் உயரம். இரண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்குப் போனால் பஜாரே ஒரு முறை திரும்பிப் பார்க்கும். அதில் அம்மாவுக்கு வெட்கம் கிடையாது. "பரண்மேல இருக்கறது எனக்கு, பரணுக்குக் கீழ இருக்கறது அவருக்கு" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். நைனா சிரிக்க மாட்டார். அவர் அதிகம் பேசவும் மாட்டார். சாப்பாட்டில் உட்கார்ந்தால் அம்மா தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள். "உப்பு சரியா இருக்குதா?" நைனா, "ம்" என்பார். சரியா இருக்கிறது என்று அர்த்தமா, கேட்டது காதில் விழுந்தது என்று அர்த்தமா, யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு உப்புக் கை கம்மி. அது எங்களுக்கெல்லாம் தெரியும்.

எங்கள் சைனக் குடும்பங்களில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு. செஞ்சியில் இன்னொரு சங்கடம். ராஜகிரிக் கோட்டை மலை ஊருக்கு மேற்கே இருப்பதால் மற்ற ஊர்களுக்கு முன்பே எங்களுக்குச் சூரியன் மறைந்துவிடும். நைனாவோ மண்டியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அதனால் தினமும் சாயங்காலம் அம்மாவே நடந்து போய் மண்டி வாசலில் நிற்பாள். "ராஜகிரி மேல ஒக்காந்துட்டாரு" என்பாள். சூரியனைத்தான் சொல்கிறாள். நைனா ஊசியைக் கார்க்கில் செருகிக்கொண்டு எழுந்து வருவார். நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. சிரவணபெளகொளாவில் பாகுபலி சுவாமிக்கு நடக்கும் பெரிய அபிஷேகத்தைப் பார்க்க வேண்டும். அது பல வருஷங்களுக்கு ஒரு முறைதான் நடக்கும். ஐம்பத்து மூன்றில் நடந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்ததால் அவளால் போக முடியவில்லை. அடுத்தது அறுபத்தேழு பங்குனியில் என்று மேல்சித்தாமூர் மடத்தில் சொன்னதும், ஒரு வருஷம் முன்பாகவே பயணத்துக்குத் தயாராக ஆரம்பித்துவிட்டாள்.

ரயில் வேண்டாம், கூட்டம் தாங்காது, டாக்சியில் போவோம் என்றாள். பொன்னுசாமியின் அம்பாசடர்தான் எங்கள் ஊரில் வெளியூருக்குப் போகும் டாக்சி. அதற்கு முந்தைய வருஷம் அதே வண்டியில் பொன்னூர் மலைக்குப் போய்ப் பட்டபாடு அவளுக்கு மறக்கவில்லை. ட்ரங்குப் பெட்டிகளைக் கூரைமேல் கேரியரில் அடுக்கிக் கட்டியிருந்தோம். வழியெல்லாம் தடதடவென்று சத்தம். கேரியர் கால் அழுந்திக் கூரை ஒரு பக்கம் சொட்டையாகிவிட்டது. பொன்னுசாமி அதற்கு ஒரு மாதம் முனகினான். அதைவிட மோசம், சாயங்காலத்துக்கான கட்டுச்சோறு பெட்டிகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கயிற்றை அவிழ்த்துப் பெட்டிகளை இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சோற்றை மடியில் வைத்துக்கொண்டே எல்லோரும் பட்டினியாக வீடு வந்தோம்.

"அடுத்த தடவை பெட்டியே வேணாம். மெத்துனு ஒரு பை தைக்கிறேன் பாரு" என்றாள் அம்மா.

பழைய லாரித் தார்ப்பாய் ஒன்றை வாங்கிவரச் சொன்னாள். அதைத் துவைத்துக் காயவைத்து, உள்ளே காடாத் துணி கொடுத்து, கேரியர் அளவுக்கு நீளமாக ஒரு பை தைத்தாள். மழை பெய்தால் நனையாது. அடுக்குகிற துணிக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும். கூரையை அழுத்தாது. திண்டிவனத்தில் ஒரு தையல்காரரிடம் வார் வைக்கக் கொடுத்தபோது அவர் தோல் வார் வைத்துவிட்டார். சுவாமி பார்க்கப் போகிற பையில் தோலா என்று அம்மா அதை அத்தனையும் பிரித்துப் போட்டுவிட்டு, தானே உட்கார்ந்து நாடா வைத்துத் தைத்தாள். ஊசி ஏறாத தார்ப்பாய். அவள் கட்டைவிரல் அப்போது எப்போதும் வீங்கியே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் நான் மண்டிக் கிடங்குக்குச் சாவி கொடுக்கப் போனேன். அம்மா நைனாவைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்திருந்தாள்.

"கையத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க. எக்காம. சும்மா நில்லுங்க."

நைனா வலது கையை உயர்த்தினார். அவர் விரல் நுனி எட்டிய இடத்தில் அம்மா கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். "இவ்ளோதானா?" என்று சிரித்தாள்.

"என்னா கோணியா, அளக்கறதுக்கு?" என்று நைனா கையை உதறிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எதற்கு அளந்தாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா செய்கிற காரியங்களுக்குக் காரணம் கேட்கிற வழக்கம் கிடையாது. வேளைக்கு நடந்துவிடும், அவ்வளவுதான்.

அந்த ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டாள்.

நைனா அழவில்லை. காரியங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். யார் எதைக் கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவந்தார். வந்தவர்களுக்குப் பாய் போட்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மருதேவி அத்தை பாதியில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நைனாவின் சொந்த அக்கா அவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "என்னாடா தம்பி, கல்லு மாதிரி நிக்கிறே" என்று கேட்டாள். நைனா, "ம்" என்றார்.

நானும் அழுது ஓய்ந்து ஒரு மாதிரி மரத்துப்போயிருந்தேன். உலை வைத்தேன், துணி துவைத்தேன். கால் மரத்துப்போனால் தரையில் ஊன்றுகிறோம், தரை இருப்பது தெரியாதல்லவா? அப்படி இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று மட்டும் மரக்கவில்லை. நைனாமேல் கோபம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை. தவறியும் அவளைப் பற்றி எதுவும் வாயில் வரவில்லை. இவ்வளவு வருஷம் கூட இருந்தவள் என்ன, மண்டிக்கு வந்து போன மூட்டையா?

பிறகு கோபத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. நைனா சாயங்காலம் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். நிறுத்த வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. கூப்பிட ஆள் இல்லை, அவர் எழுந்திருக்கவில்லை. பொழுது போய்விடும், பிறகு சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். நான் போய் வாசலில் நின்று, "நைனா, ராஜகிரி மேல ஒக்காந்துட்டாரு" என்று சொல்லிப் பார்த்தேன். "வரேன் போ பாப்பா" என்பார். வர மாட்டார். ஒரு நாள் தட்டிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊசியில் சணல் கோத்தார். இருட்டிய பிறகு தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

"பசிக்கலயா நைனா?"

"தெரியல" என்றார்.

அது பொய் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. காலையில் வைத்ததை ஏதோ கொஞ்சம் தின்பார். மாசிக்குள் அவர் சட்டை தோளிலிருந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். இப்படியே போனால் அடுத்த மழைக்கு இவர் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணன் தர்மநாதனிடம் சொன்னேன். "அவரென்ன சின்னக் குழந்தையா, ஊட்டிவிட?" என்றான்.

பங்குனி வந்தபோது அத்தைதான் பயணத்தை எடுத்தாள். "அவ ஆசப்பட்ட பயணம். அவ தைச்ச பை ஆணியில தொங்கிக்கிட்டு இருக்குது. போவோம்." நைனா, "சரி" என்றார். போக வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அதே மாதிரி சரி என்றுதான் சொல்லியிருப்பார். அத்தை, நைனா, அண்ணன், ஐந்து மாதக் கர்ப்பமான அண்ணி, நான் என்று முடிவாயிற்று. அண்ணியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று அண்ணன் சொன்னான். "வயித்துல இருக்கறதும் சேர்ந்து பாக்கட்டும்" என்று அத்தை அவன் வாயை அடைத்துவிட்டாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் பையை ஆணியிலிருந்து இறக்கி உதறினோம். நைனா அதன்மேல் ஒரு தடவை கையை ஓட்டினார். மூட்டை வந்தால் எப்படித் தடவிப் பார்ப்பாரோ, அப்படி. ஒரு பக்கத் தையலில் கை நின்றது. ஒரு சாண் அகலத்துக்குப் பிரிந்திருந்தது.

"ஓட்ட இருக்குது" என்றார்.

அந்த ஐந்து மாதத்தில் அவராக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குச் சுரீர் என்றது. பெண்டாட்டி போனதற்கு வராத வார்த்தை ஓட்டைக்கு வருகிறதே. அவர் பாட்டுக்கு உட்கார்ந்தார், கார்க்கைக் கழற்றினார், இரட்டைச் சணலைக் கோத்து அந்த வாயைச் சேர்த்துத் தைத்தார். போதாது என்று மேலே இன்னொரு வரிசை ஓட்டினார். மல்லாட்டை என்ன, கேழ்வரகுகூடச் சிந்தாது. முடித்துவிட்டுச் சணலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

விடியற்காலையில் எழுந்து நானும் அண்ணியும் புளிச்சோறு கிளறினோம். மத்தியானத்துக்கான கூடையை வண்டிக்குள் வைத்தேன். சாயங்காலத்துக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று வாழையிலையில் கட்டிக் கூரைப் பைக்குக் கொண்டுபோனேன். பையின் உட்புறம் ஒரு பக்கமாக அம்மா காடாத் துணியில் அறை மாதிரி ஒன்று தைத்திருந்தாள். பொட்டலங்கள் அதில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. நசுங்காது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. துணி, பாய், பாத்திரம் எல்லாவற்றையும் அடுக்கி, மேல் வாயை மடித்து, பொன்னுசாமி குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கினான். "அம்மா தைச்ச பை சூப்பருங்க நைனாரே. வண்டிக்கு இனிமே சொட்ட வராது" என்றான். நைனா, "ம்" என்றார்.

திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரி. பை சத்தமே போடவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. ட்ரங்குப் பெட்டியாக இருந்தால் தடதடவென்று ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கும். வண்டிக்குள் ஐந்து பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். நைனா முன் சீட்டில் வெளியே பார்த்தபடி இருந்தார். மரம் போயிற்று, மைல் கல் போயிற்று, அவர் எதையும் பார்க்கவில்லை. மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் கூடையைப் பிரித்தோம். நைனா ஒரு கவளம் வாயில் போட்டார். பிறகு இலையை மடித்துவிட்டார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம்" என்றாள் அத்தை.

"சாயங்காலம் சாப்பிட்டுக்கறேன்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். இன்றைக்கு மண்டி இல்லை, கோணி இல்லை, பக்கத்திலேயே இருக்கிறார். பொழுதோடு வண்டியை நிறுத்தி, கையில் கொடுத்து, எதிரே நின்று சாப்பிட வைத்துவிடலாம். அன்றைக்கு ஒரு வேளை பழக்கம் உடைந்தால் போதும், அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன். சுவாமியைப் பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. நான் அந்தப் பயணம் போனது அந்த ஒரு வேளைச் சோற்றுக்காகத்தான்.

ஓசூர் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டி, பெங்களூரில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு கிளம்பும்போது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. ஊரைத் தாண்டினால் நிறுத்தலாம் என்றால் அபிஷேகத்துக்குப் போகிற பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டி நிற்கின்றன. ஒதுங்க இடம் கிடைக்கவில்லை. குனிகலுக்கு முன்னால் ஒரு மொட்டைக் காட்டில் பொன்னுசாமி வண்டியை ஓரம் கட்டியபோது சூரியன் சிவந்துவிட்டது.

"எறக்குங்க, சீக்கிரம்" என்றாள் அத்தை.

அண்ணனும் பொன்னுசாமியும் ஆளுக்கொரு பக்கம் முடிச்சைப் பிடித்தார்கள். பகலெல்லாம் இழுபட்டு முடிச்சுகள் இறுகிக் கிடந்தன. ஒன்று அவிழவில்லை. பொன்னுசாமி பல்லால் கடித்தான்.

"கயித்த அறுடா" என்றாள் அத்தை.

"அறுத்துட்டா அப்பறம் எதால கட்றதும்மா? பாதி வழியில பையே கீழ வந்துடும்."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மத்தியானம் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. "நீ பொழுது போனாலும் சாப்டுடு. வயித்துப்பிள்ளக்காரிக்குத் தோஷமில்ல" என்றான் அண்ணன். "எல்லாரும் பட்டினியா இருந்தா எனக்கு மட்டும் எறங்குமா?" என்றாள் அவள். பொன்னூர் மலை மறுபடியும் நடக்கிறது. அன்றைக்கு அம்மா இருந்தாள், சிரித்தாள். இன்றைக்கு யார் சிரிப்பது?

"சோறு மேல இல்ல, பக்கத்துலதான் இருக்குது" என்று கத்தினேன். "தோ, இந்த எடத்துல, உள்ளாற. அம்மா அறை வெச்சுத் தைச்சிருக்கா. கயிறுதான் குறுக்க இருக்குது."

நைனா வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தார். நான் காட்டிய இடத்துக்குக் கையை உயர்த்தினார். கயிறு அங்கே குறுக்கே இல்லை. இரண்டு கயிறுகளுக்கு நடுவில் இருந்தது அந்த இடம். அங்கே இருந்தது அவர் தைத்த தையல். முதல் நாள் போட்ட இரட்டைச் சணல்.

அவர் விரல்கள் தையலின் இரண்டு பக்கமும் தடவின. எத்தனையோ ஆயிரம் மூட்டை பார்த்த விரல்கள். பிரிந்த தையல் நூலும் பிசிறுமாக இருக்கும். அது அப்படி இல்லை. இரண்டு ஓரமும் உள்ளே மடித்து, பொடிப்பொடியாக, நெருக்கமாகத் தைத்திருந்தது. முதல் நாள் அதே விரல்கள்தான் தடவின. அப்போது அவற்றுக்கு ஓட்டை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

எக்காமல், சும்மா நின்றபடி, கையைத் தூக்கினால் விரல் எட்டுகிற இடம்.

நைனா கையைத் தூக்கியபடியே நின்றார். எனக்குக் கிடங்குச் சுவரில் இருக்கும் கரிக்கோடு ஞாபகம் வந்தது. அவருக்கும் அதுதான் வந்திருக்கும். கயிற்றை அவிழ்க்காமல், பையை இறக்காமல், குள்ளமான தன் வீட்டுக்காரர் இறங்கி நின்று கையை விட்டால் சோறு வர வேண்டும். அதற்காக அவள் வைத்த வாசல் அது. அதற்கு ஒரு மூடி வைத்துத் தைப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள். அதை இவர் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட்டார்.

"கத்தி" என்றார். குரல் அவருடைய குரல் மாதிரி இல்லை.

பொன்னுசாமி கத்தியை நீட்டினான். நைனா தார்ப்பாயில் படாமல் தன் சணலை மட்டும் ஒவ்வொரு தையலாக அறுத்தார். அவசரப்படவில்லை. "சீக்கிரண்டா" என்று அத்தை ஆரம்பித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவ்வளவு கெட்டியாகத் தைத்திருந்தார். கடைசித் தையல் அறுந்ததும் கை உள்ளே போயிற்று. முதல் பொட்டலம் அண்ணிக்கு. அடுத்தது அத்தைக்கு, அண்ணனுக்கு, எனக்கு. "சாப்டுங்க, சாப்டுங்க" என்றார். நான் நின்றபடியே பிரித்து வாயில் அள்ளிப் போட்டேன். செஞ்சியாக இருந்தால் மலை எப்போதோ சூரியனை மறைத்திருக்கும். அந்தக் காட்டில் மறைக்க ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் கூடக் கிடைத்தது.

"நைனா, நீயும் எடு" என்றேன் வாய் நிறையச் சோற்றோடு.

அவர் மறுபடி கையை விட்டார். இந்த முறை கை சீக்கிரம் வெளியே வரவில்லை. அந்தக் காடாத் துணி அறையை உள்ளுக்குள்ளேயே தடவிக்கொண்டு நின்றார். நெற்றி தார்ப்பாயில் பட்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டுமோ என்னவோ. பொட்டலத்தை வெளியே எடுத்து அவர் திரும்பியபோது மேற்கே சிவப்பு மட்டும்தான் இருந்தது. சூரியன் இல்லை.

அந்தப் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றார். இத்தனை பாடுபட்டும் போயிற்றே, இந்த வேளையும் போயிற்றே.

"பொன்னுசாமி, நீ சாப்டு" என்று அவனிடம் நீட்டினார். "ஒனக்குப் பொழுதுக் கணக்கு இல்ல. ராத்திரி தங்கின சோத்த நாங்க தொட மாட்டோம், வீணாப்போவும்."

அவன் தயங்கினான். "வேணாங்க, நான் வழியில ஓட்டல்ல..."

"சாப்டுன்றேன்."

பொன்னுசாமி மைல் கல்மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். நைனா அவனுக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தார். அவன் உருட்டுவதைப் பார்த்தார், வாயில் போடுவதைப் பார்த்தார், மெல்லுவதைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. பாவம், பொன்னுசாமிக்குத்தான் விழுங்க முடியவில்லை.

"உப்பு சரியா இருக்குதா?" என்று கேட்டார் நைனா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தையும் பார்த்தாள்.

"கொஞ்சம் கம்மிங்க" என்றான் பொன்னுசாமி, ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி.

"பாப்பா கிளறினது. அவ அம்மா கை" என்றார். "அவளும் கம்மியாத்தான் போடுவா. தெனம் கேப்பா. சரியா இருக்குதான்னு கேப்பா. நான் ஒரு நாளும்..."

அதற்குமேல் வரவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அந்த ரோட்டோரத்தில், போகிற பஸ்காரர்கள் எல்லாம் பார்க்க, வாய் விட்டு அழுதார். அத்தை ஓடிவந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

வெகு நேரம் கழித்து மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பசிக்குது பாப்பா" என்றார்.

வானத்தில் நட்சத்திரம் வந்துவிட்டது. கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. கொடுத்தாலும் அவர் தொட மாட்டார். ஐந்து மாதமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை, பொழுது போன பிறகு வந்து நிற்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"விடியட்டும் நைனா" என்றேன். "உப்பு தூக்கலாப் போட்டுச் செஞ்சு தரேன்."

"வேணாம்" என்றார். "கம்மியாவே போடு."